ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி

ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பு திருத்தணியில் ஒருவர் அஞ்சலகத்திலோ வங்கியிலோ சேமிப்புக் கணக்குத் தொடங்கினால், ஒரு கெட்டி அட்டையில் மாதிரிக் கையொப்பம் வாங்கிக்கொள்வார்கள். பிறகு அவர் பணம் எடுக்க வரும்போதெல்லாம் எழுத்தர் அந்த அட்டையை உருவி, சீட்டில் இருக்கும் ஒப்பத்தோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார். சுழி சற்றுக் கோணியிருந்தால் தலையை நிமிர்த்தி ஆளைப் பார்ப்பார். ஆளைத் தெரிந்திருந்தால் இன்னொரு முறை ஒப்பமிடச் சொல்வார். தெரியாவிட்டால் மேலாளரிடம் அனுப்புவார். கணக்கு வைத்திருப்பவர் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. இவர் இவர்தானா என்று கண்டுபிடிக்கும் வேலை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருடையது.

அந்த அட்டைக்கு எழுத்தைப் பற்றியும் கவலை இல்லை. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, 1959-இல் நாடாளுமன்றம் இயற்றிய எல்லை மாற்றச் சட்டம் என்று நீண்ட கதை அது. கோடு மாறியதால் வீடுகளில் பேச்சு மாறிவிடவில்லை. தெலுங்கில் படித்தவர் தெலுங்கில் ஒப்பமிட்டார், தமிழில் படித்தவர் தமிழில். பள்ளிக்கே போகாதவர் பெருவிரலை மைத்திண்டில் ஒற்றி வைத்தார். பக்கத்தில் ஒரு சாட்சி எழுதினார். 1961 கணக்கெடுப்பின்படி சென்னை மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். ஆகவே கைநாட்டு அன்று விதிவிலக்கல்ல, பாதி ஊரின் வழக்கம்.

இன்று தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது, 2011-இலேயே 80.09. ஆனால் இணையத்தில் கணக்குத் திறக்கும் பெட்டி எழுத்தறிவோடு நின்றுவிடுவதில்லை. கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது. அதில் ஒன்று பெரிய எழுத்து, ஒன்று சிறிய எழுத்து, ஒன்று எண், ஒன்று சிறப்புக் குறி. வங்கி, வருமான வரி, வருங்கால வைப்புநிதி, ரயில் முன்பதிவு என்று வாசல்கள் வேறு. நிபந்தனைகள் ஏறக்குறைய ஒன்று. தமிழிலும் பெரிய எழுத்து கிடையாது, தெலுங்கிலும் கிடையாது. எல்லையின் இரு பக்கமும் அந்த வகையில் சமமாகிவிட்டன. அட்டையில் இரண்டு லிபிக்கும் இடம் இருந்தது. பெட்டியில் பெரும்பாலும் இரண்டுக்குமே இல்லை.

தமிழில் தட்டச்சு செய்ய விட்டாலும் சிக்கல் தீராது என்பதையும் சொல்ல வேண்டும். நம் கண்ணுக்கு ‘முருகன்’ நான்கு எழுத்து. யூனிகோடு கணக்கில் ஏழு: ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி. ‘கோ’ என்ற ஒற்றை எழுத்தையே இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம், மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு வெவ்வேறு. வீட்டுக் கணினியில் அமைத்த தமிழ்க் கடவுச்சொல் கைப்பேசியில் திறக்காமல் போக இது போதும். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறை உண்டு. அதைச் செய்யும் அக்கறைதான் அரிது.

சரி, ரோமன் எழுத்திலேயே அமைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். திருத்தணிக்காரர் ஒருவர் என்ன செய்வார்? ஊர்ப் பெயரை முதல் எழுத்து மட்டும் பெரிதாக இட்டு எழுதுவார். பின்னால் ஒரு ‘அட்’ குறி. அதன் பின்னால் முருகன் கோயில் மலைப்படிகளின் எண்ணிக்கையான 365. அல்லது முருகனின் பெயரும் பிள்ளை பிறந்த ஆண்டும். பெட்டியின் ஓரத்தில் சிவப்பாக இருந்தவை ஒவ்வொன்றாகப் பச்சையாகும். நான்கு நிபந்தனைகளும் நிறைவேறின. ‘வலுவானது’ என்று சான்றிதழும் கிடைக்கும். ஊர்ப் பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம் என்ற குழப்பம் மட்டும் மறுநாள் வரும்.

இதே பழக்கம் உலகம் முழுவதற்கும் பொது என்பது திருடுபவருக்கும் தெரியும். பெரிய எழுத்து முதலில் வரும், எண் கடைசியில் வரும், ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்துக்குப் பதில் ‘அட்’ குறி வரும். கடவுச்சொல் உடைக்கும் நிரல்கள் அகராதிச் சொற்களையும் சாமி பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் எடுத்து இந்த மாற்றங்களைத்தான் முதலில் போட்டுப் பார்க்கின்றன. அவற்றுக்கு நல்ல தீனியும் கிடைத்திருக்கிறது. 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடிக் கடவுச்சொற்கள் அப்படியே வெளியே கொட்டின. அதில் முதலிடம் ஒன்றிலிருந்து ஆறுவரை வரிசையாக எழுதிய எண்ணுக்கு; ஏறக்குறைய 2.9 லட்சம் பேர் அதையே வைத்திருந்தார்கள்.

கணினிக்குக் கடவுச்சொல் வந்த காலத்தில் யாரும் எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தபோது, ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்துக் கோப்புகளைப் பிரித்து வைத்தது. திருத்தணி தமிழகத்துக்கு வந்ததும் கடவுச்சொல் கணினிக்கு வந்ததும் ஓரிரு ஆண்டு இடைவெளியில்தான். 1979-இல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 3,289 கடவுச்சொற்களைச் சேகரித்து ஆராய்ந்தபோது, அவற்றில் 2,831-ஐ எளிதில் கண்டுபிடிக்க முடிந்தது. நூற்றுக்கு 86. சில கடவுச்சொற்கள் ஒரே ஒரு எழுத்து.

நிபந்தனைகள் இதைச் சமாளிக்கத்தான் வந்தன. 2004-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது; அதில் கடவுச்சொல் பகுதியை எழுதியவர் பில் பர். பெரிய எழுத்து, எண், குறி, அவ்வப்போது மாற்றுவது ஆகியவை உலகெங்கும் பரவியதில் அந்த ஆவணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2017-இல், ஓய்வு பெற்றபின், தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே ஒரு நாளிதழிடம் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் தன் வழிகாட்டியைத் திருப்பிப் போட்டது: எழுத்துக் கலவையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம், நீளத்தை அனுமதியுங்கள், ஏற்கெனவே வெளியான சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு அவற்றை மட்டும் மறுத்துவிடுங்கள். இடைவெளியையும் யூனிகோடு எழுத்துகளையும் ஏற்கலாம் என்றும் சொன்னது. 2025-இல் வந்த திருத்தம், கடவுச்சொல் ஒன்றே காவலாக இருக்கும் இடத்தில் குறைந்தது 15 எழுத்து வேண்டும் என்கிறது.

நம் வருமான வரித் தளத்தின் பயனர் கையேடு கடவுச்சொல்லுக்கு எட்டிலிருந்து பதினான்கு எழுத்துவரை என்று வரம்பு சொல்கிறது. அங்கே ஓடிபி போன்ற வேறு காவல்களும் உண்டு. ஆனாலும் ஓரிடத்தில் தொடக்கமாக வைக்கும் எண் இன்னோரிடத்தில் உச்சவரம்பைத் தாண்டி நிற்கிறது.

நீளம் ஏன் வெல்கிறது என்பது எளிய பெருக்கல். விசைப்பலகையில் உள்ள 94 எழுத்து, எண், குறிகளையும் கலந்து எட்டு இடத்தை நிரப்பினால் கிடைக்கும் சேர்க்கைகள் ஏறக்குறைய 61 கோடி கோடி. வெறும் சிறிய எழுத்து 26-ஐ மட்டும் வைத்துப் பன்னிரண்டு இடத்தை நிரப்பினால் 954 கோடி கோடி. குறியும் எண்ணும் இல்லாமலே பதினைந்து மடங்கு அதிகம். ஒரு நிபந்தனை: எழுத்துகள் குருட்டாம்போக்கில் விழ வேண்டும். மனிதர் தேர்ந்தெடுத்தால் மறுபடி முருகன்தான் வருவார். அதனால்தான் ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்டு 1995-இல் தாயக்கட்டையை நாடினார். ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல். பட்டியலில் 7,776 சொற்கள். அப்படி விழுந்த ஐந்தாறு சொற்களைக் கோத்துவிட்டால் கடவுச்சொல் தயார். பட்டியல் எந்த மொழியிலும் இருக்கலாம். தறி, புளி, மழை, நாற்காலி, கொக்கி என்று நம் சொற்களையே ரோமன் எழுத்தில் கோக்கலாம். ஆனால் இந்த ஐந்தையும் நானே யோசித்து எழுதியதால், யாரும் எடுத்துப் பயன்படுத்த வேண்டாம்.

அப்படியானால் ஏடிஎம் அட்டைக்கு நான்கே இலக்கம் எப்படிப் போதும்? பத்தாயிரம் சேர்க்கைதானே? அங்கே காவல் எண்ணிக்கையில் இல்லை. மூன்று முறை தவறினால் அட்டை முடங்கும். அட்டையும் கையில் இருக்க வேண்டும். இணையதளத்தின் கடவுச்சொல் கோப்பே திருடப்பட்டால் அந்தத் தடை ஏதும் இல்லை. திருடியவர் தன் வீட்டில் உட்கார்ந்து நொடிக்குப் பல கோடி முறை முயன்று பார்க்கலாம். ஒழுங்கான தளம் நம் கடவுச்சொல்லைச் சேமிப்பதே இல்லை. அதைத் திரும்பப் பிரிக்க முடியாதபடி அரைத்த ஒரு சாரத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். ‘மறந்துவிட்டேன்’ என்றதும் பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் தளம் அதை முழுசாக வைத்திருக்கிறது என்று பொருள்.

ஒரே காவலை நம்பாத நுட்பம் மலைமேல் இருக்கும் உண்டியலுக்குப் புதிதல்ல. கோயில் உண்டியல் ஒரே ஆளின் சாவிக்குத் திறப்பதில்லை. அறநிலையத் துறை அலுவலர்கள் உடனிருக்க, பலர் பார்க்கப் பணம் எண்ணப்படும். இதற்கென்றே 1975-இல் விதிகள் எழுதப்பட்டன. ஒரு சாவி களவு போனாலும் பணம் போகாது. கடவுச்சொல்லோடு ஓடிபியையும் சேர்த்துக் கேட்பது அதே யோசனைதான். 2009 ஆகஸ்ட் முதல் இந்தியாவில் இணையத்தில் அட்டைவழிப் பணம் செலுத்த, அட்டையில் அச்சிடப்படாத இன்னொரு சான்றும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. இன்னொரு முருகன் கோயிலான திருப்போரூரில், 2024 டிசம்பரில், ஒரு பக்தரின் ஐபோன் தவறி உண்டியலில் விழுந்த செய்தி நினைவிருக்கலாம். விதிப்படி உண்டியலில் விழுந்தது சாமிக்கு. வேண்டுமானால் அதிலுள்ள தகவல்களை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சிரித்துக் கடந்துவிட்டோம். ஆனால் இன்று இரண்டாம் சாவி வந்து விழுவது அந்தக் கருவியில்தான். அது கையில் இல்லாத நாளில் ஒருவர் தன் கணக்கின் முன்னால் அந்நியராக நிற்கிறார்.

நிபந்தனைகளைத் தாண்டத் தெரியாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கடைத்தெருவில் பார்க்கலாம். பழைய நாளில் மனு எழுதித் தருபவர் தாலுகா அலுவலக வாசலில் இருந்தார். இன்று பிரவுசிங் சென்டரும் இ-சேவை மையமும். சாதிச் சான்று, பட்டா, வருங்கால வைப்புநிதி என்று எதற்கு வந்தாலும் கடைக்காரரே கணக்கு உருவாக்கி, கடவுச்சொல்லையும் அமைத்து, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். “பாஸ்வேர்டு மறந்துட்டேன் தம்பி, நீயே பாத்து போடு” என்று அடுத்த முறை கேட்கும்போது அவரது நோட்டுப் புத்தகம் திறக்கும். பலருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால் அவருக்கும் வசதி. மனு எழுதியவருக்கு நம் கஷ்டம் தெரியும், கையொப்பம் நம்மிடம்தான் இருந்தது. இவரிடம் கையொப்பமே இருக்கிறது. பெரும்பாலும் நல்ல மனிதர்தான். அந்த நோட்டு யார் கையில் போகும் என்பது வேறு கேள்வி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி, பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, நாமே பிறரிடம் சொல்லிப் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் நட்டம் நம்முடையது.

அரசே வகுத்துக் கொடுத்த ஒரு கடவுச்சொல்லும் அந்தக் கடைகளில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. பதிவிறக்கிய ஆதார்க் கோப்பைத் திறக்க, பெயரின் முதல் நான்கு எழுத்து பெரியதாக, பிறகு பிறந்த ஆண்டு. பெயருக்கு முன் தலைப்பெழுத்து இருந்தால் அதுவும் சேரும், பி. குமார் என்றால் பி, புள்ளி, கே, யூ. புள்ளியும் ஓர் எழுத்தாம். தலைப்பெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று ஒரே குடும்பத்தில் நான்கு அட்டையில் நான்கு விதமாக இருக்கும் நம் ஊரில் இதற்கே இரண்டு மூன்று முயற்சி ஆகும். பெயரும் பிறந்த ஆண்டும் தெரிந்த எவருக்கும் இது திறக்கும் என்பதால், பூட்டு என்பதைவிடத் தாழ்ப்பாள் என்பதே சரி.

கடவுச்சொல் மறந்தால் கேட்பதற்கென்று சில தளங்கள் வைத்திருந்த கேள்விகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘உங்கள் தாயாரின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன?’ இங்கே அம்மாக்களுக்குத் தலைப்பெழுத்து மாறும், குடும்பப் பெயர் பெரும்பாலும் இருந்ததே இல்லை. ‘பிறந்த மாவட்டம்?’ 1958-இல் திருத்தணியில் பிறந்தவருக்கு அது சித்தூர். வளர்ந்தது செங்கல்பட்டு. 1997 முதல் திருவள்ளூர். வீட்டை மாற்றாமலே மூன்று விடை. அண்டை வீட்டுக்காரருக்கும் தெரிந்த விடைகளை வைத்துக் காவல் காப்பதில் பொருள் இல்லை என்று நிஸ்டின் 2017 வழிகாட்டி இத்தகைய கேள்விகளையும் விலக்கிவிட்டது.

கிடைத்ததைக் குறைத்துச் சொல்லக்கூடாது. அன்று அறுபது ரூபாய் எடுக்க அரை நாள் கூலியை விட வேண்டும், பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கத்துத் தறிக்காரருக்கு அது சிறு தொகையல்ல. இன்று நெசவுப் பணம் நள்ளிரவிலும் கணக்கில் ஏறுகிறது. ஆளைத் தெரிந்திருந்ததில் இன்னொரு பக்கமும் உண்டு. மனைவி பெயரில் உள்ள பாஸ்புத்தகத்தோடு கணவர் வந்தாலும், ‘நம்ம ஆள்தானே’ என்று பணம் கைமாறிய காலம் அது. எழுத்தருக்குப் பிடிக்காதவரின் ஒப்பம் எப்போதுமே கோணலாகத்தான் தெரியும். கணினிக்கு இந்த முகதாட்சணியமும் இல்லை, பகையும் இல்லை. 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை அவரவர் வங்கிக் கணக்கில் விழுகிறது. ஏடிஎம் அட்டையின் நான்கு இலக்கம் ஒருவர் மனத்தில் இருக்கும்வரை அந்தப் பணம் அவருடையது. அட்டையையும் இலக்கத்தையும் மகனிடம் கொடுத்து எடுத்துவரச் சொல்லும் நாளில் பழைய நிலை திரும்பிவிடுகிறது.

இழந்தது எழுத்தரின் அந்த நிமிர்ந்த பார்வை. ஒப்பம் நடுங்கினால் உடம்புக்கு என்ன என்று கேட்கும் இடம் ஒன்று இருந்தது. கடவுச்சொல் சரியென்றால் உள்ளே, தவறென்றால் வெளியே. சரியாகச் சொன்னவர் திருடராக இருந்தாலும் உள்ளே, தவறாகச் சொன்னவர் கணக்குக்குரியவராகவே இருந்தாலும் வெளியே. இவர்தான் அவர் என்று காட்டும் பொறுப்பு மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டது. வயதாக ஆக அந்தப் பொறுப்பைத் தாங்க வேண்டிய நினைவோ குறைந்துகொண்டே போகிறது. தாளில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைப்பதைப் பலர் பாமரத்தனம் என்கிறார்கள். வீட்டுப் பெட்டியை உடைக்கத் திருடர் திருத்தணிக்கு வந்தாக வேண்டும். பத்துத் தளத்தில் ஒரே கடவுச்சொல் வைத்தவரைத் திருட அவர் எங்கும் போகவேண்டியதில்லை. கோர்பாட்டோவே ஒரு காலத்தில் தன் கடவுச்சொற்களைத் தாளில்தான் வைத்திருந்தார்.

பெருவிரலும் திரும்பிவிட்டது. ரேஷன் கடையில் 2020 முதல் விரல்ரேகை. கைப்பேசி திறக்கவும் விரல்தான். நூலிலும் சுண்ணாம்பிலும் தேய்ந்த விரல்களைக் கருவி அடையாளம் காணாமல் போக, பிறகு கண்விழிக் கருவியும் வந்தது. பழைய கைநாட்டுக்குப் பக்கத்தில் சாட்சி இருந்தார். ரேகை மங்கினால் அவர் பேசுவார். புதிய கைநாட்டுக்குச் சாட்சி இல்லை. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். ரேகை களவு போனால் மாற்ற வேறு விரல்கள் ஒன்பதுதான்.

வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்தால், அன்று டிரங்குப் பெட்டியைத் திறந்தால் போதும். பாஸ்புத்தகம், அடகுச் சீட்டு, காப்பீட்டுப் பத்திரம் எல்லாம் ஒரே துணிப்பையில் இருக்கும். சாவி எங்கே என்பது வீட்டுக்கே தெரியும். இன்று பெட்டியில் ஒன்றும் இருப்பதில்லை. எந்த வங்கியில் எவ்வளவு என்பது பூட்டிய கைப்பேசிக்குள் இருக்கிறது. உரிமை கோரப்படாத வைப்புகளைத் தேடுவதற்காக ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்கம் என்ற தளத்தைத் திறந்தது. இறந்தவரின் பெயரைக் கொடுத்தால், சேர்ந்துள்ள வங்கிகள் அனைத்திலும் தேடிச் சொல்லும், நல்ல ஏற்பாடு. தேடத் தொடங்கும் முன்பு மகனோ மகளோ அங்கே பெயரையும் கைப்பேசி எண்ணையும் பதிந்து, ஒரு புதிய கடவுச்சொல்லை அமைக்க வேண்டும்.